அப்பத்தா டப்பாவுல இருந்த பட்டனும் பாம்பு பக்கிளும், எந்தப் பட்டாளத்தோடது?

மேமியோ_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க படிக்கிறதோட சரி, எழுதுறது இதான் முதல் தடவை, தப்பு இருந்தா மன்னிச்சிக்கோங்க. எங்க ஊரு பர்மாவுல பின்ஊல்வின், வீட்ல இன்னும் மேமியோனுதான் சொல்லுவோம். போன மாசம் கூரைத் தகரம் மாத்துறதுக்காக சாமானெல்லாம் வெளிய எடுத்து வெச்சப்ப அப்பத்தா கட்டிலுக்கு அடியில இருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பா வந்துச்சு, தொறந்தா உள்ள முழுக்க பித்தளை பட்டன். சிங்கமும் கொம்புக் குதிரையும் நிக்கிற மாதிரி 11, ஊதுகொம்பு படம் போட்டது 4, பி.ஆர்.னு எழுத்து போட்டது 2, குட்டி நட்சத்திரம் 1, அப்புறம் எஸ் மாதிரி வளைஞ்ச பாம்பு பக்கிள் 1. அது போக சாவிக்கொத்து வளையம் மாதிரி, ஆனா ரொம்ப சின்னதா, முப்பது வளையம் இருக்கும். எங்க அப்பா சொல்றது என்னன்னா அவரோட தாத்தா, அதாவது அப்பத்தாவோட அப்பா, எனக்கு பூட்டனார், நேதாஜி படையில கேப்டனா இருந்தாராம், இதெல்லாம் அவர் யூனிபார்ம்ல இருந்ததாம். போட்டோ நாளைக்கு போடுறேன், இன்னைக்கு கரண்ட் இல்ல. அம்மா மூணு பட்டனை புளி போட்டு தேச்சி பளபளனு ஆக்கிட்டாங்க, மீதியையும் இந்த வாரம் தேய்ச்சிடுறேன்னு சொல்லியிருக்காங்க.

பித்தளைப்பித்தன்:
தம்பி முதல்ல அம்மா கையில இருந்து அந்தப் புளியப் புடுங்குங்க!! மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்.

குத்துவிளக்குக்கு புளி சரி, பட்டனுக்கு ஆகாது. பழைய பட்டன்ல மேல தங்க முலாம் இருக்கலாம், முலாம் இல்லாட்டியும் எழுபது எம்பது வருஷத்துல ஏறுன அந்த பழுப்பு நிறம்தான் அதுக்கு தோல். புளியில இருக்கிற ஆசிட் பித்தளையில உள்ள துத்தநாகத்தை தின்னுட்டு செம்பை மேல விட்டுடும், தேச்ச மூணையும் வெளிச்சத்துல பாருங்க, மஞ்சளா இருக்காது, லேசா ரோஸ் அடிக்கும். அது திரும்பாது. பச்சைக் களிம்பு இருந்தா மூங்கில் குச்சியால மெதுவா சுரண்டுங்க, மெத்துனு இருக்கிற பிரஷ், சுத்தமான தண்ணி, உடனே துடைச்சி காய வெச்சிடணும். பாலிஷ் எதுவும் வேணாம்.

போட்டோ எடுக்கிறப்ப முகத்தை விட முதுகுதான் முக்கியம். பின்னாடி இருக்கிற காதுல (துணியில மாட்டுற வளைவு) இருந்து கம்பெனி பேரு வரைக்கும் தெரியணும். ஸ்கேல் பக்கத்துல வைங்க.

இரும்புக்கடை:
பித்தன் அண்ணே சொன்னா சரியா இருக்கும். தம்பி நீங்க அதிர்ஷ்டசாலி, சும்மா கிடைச்சிருக்கு. நான் ரங்கூன் ஸ்காட் மார்க்கெட்ல 60,000 சியாட் குடுத்து ஒரு பக்கிள் வாங்குனேன், நடுவுல கழுகு, சுத்தி என்னமோ எழுத்து, கடைக்காரன் இது யுத்தத்துல பெகு பக்கம் செத்த ஜெர்மன் சோல்ஜரோடதுனு கண்ணுல தண்ணி வெச்சிக்கிட்டு சொன்னான்.

பித்தளைப்பித்தன்:
பெகுவுல ஜெர்மன்காரனுக்கு என்ன வேலை, சயா? மொஹிங்கா சாப்பிட வந்தானா?

எழுத்து "காட் மிட் உன்ஸ்", கடவுள் நம்மோட இருக்காருனு அர்த்தம். ஜெர்மன் தரைப்படை பக்கிள். உலகத்துல அதிகமா டூப்ளிகேட் அடிக்கப்பட்ட பக்கிள்ல அது ஒண்ணு. அச்சுல அடிச்சதுக்கும் வார்ப்புல ஊத்துனதுக்கும் வித்தியாசம் இருக்கு, லென்ஸ் வெச்சி கழுகோட இறக்கையப் பாருங்க, அச்சுல அடிச்சதுன்னா ஒவ்வொரு கோடும் கத்தி மாதிரி நிக்கும், ஊத்துனதுன்னா கோடெல்லாம் சோப்புல செதுக்குன மாதிரி மழுங்கி, பள்ளத்துல ஊசிமுனை அளவுக்கு காத்துக் குழி இருக்கும், விளிம்புல அரத்தால ராவுன தடம் இருக்கும்.

இரும்புக்கடை:
பாத்தேன். குழி இருக்கு. ராவுன தடமும் இருக்கு. பொண்டாட்டிகிட்ட 15,000னு சொல்லியிருக்கேன், யாரும் காட்டிக் குடுத்துடாதீங்க.

மேமியோ_பையன்:
போட்டோ ஏத்திட்டேன், விபிஎன் போட்டு ஒரு மணி நேரம் ஆச்சு. அண்ணன் சொன்ன மாதிரியே அந்த மூணும் ரோஸாதான் இருக்கு 😔 அம்மாகிட்ட சொன்னேன், அவங்களுக்கும் வருத்தம். மீதி அப்படியே இருக்கு.

பெரிய பட்டன் குறுக்களவு ஒரு இஞ்சுக்கு கொஞ்சம் கம்மி, சின்னது அதுல முக்கால்வாசி. சிங்கம் குதிரை பட்டன் ஆறு பெருசு அஞ்சு சின்னது. கொம்பு பட்டன்ல கொம்புக்கு நடுவுல ஒரு பூ இருக்கு, இது இப்பதான் கண்ணுல பட்டுச்சு. சிலதோட முதுகுல ஜே.ஆர்.காண்ட் அண்ட் சன்னு வருது, ரெண்டுல ஃபிர்மின் லண்டன், மீதி தேஞ்சி போச்சு.

பித்தளைப்பித்தன்:
நல்ல போட்டோ. ஒண்ணொண்ணா வரேன், டீ குடிச்சிட்டு உக்காந்திருக்கேன், நீளமா போகும்.

சிங்கம் + ஒத்தைக்கொம்பு குதிரை: இது இங்கிலாந்து ராஜ சின்னம், ஜெனரல் சர்வீஸ் பட்டன்னு சொல்லுவாங்க. 1871ல இருந்து சாதா சிப்பாய்க்கெல்லாம் ரெஜிமெண்ட் பட்டனை நிறுத்திட்டு இந்தப் பொது பட்டனைக் குடுத்தாங்க, ஆபீசர்தான் தனி ரெஜிமெண்ட் பட்டன் போட்டாங்க, ரொம்ப வருஷம் கழிச்சி சிப்பாய்க்கும் ரெஜிமெண்ட் பட்டன் திரும்பி வந்துச்சு. அதனால இதை வெச்சி எந்த ரெஜிமெண்ட்னு சொல்ல முடியாது. எந்தக் காலம்னு சொல்லலாம், அதுக்கு கிரீடத்தைப் பாக்கணும். உங்களோடதுல கிரீடத்து மேல்பக்கம் தோசைக்கல்லு மூடி மாதிரி உருண்டையா எழும்புது, அது ராஜா கிரீடம், 1902ல இருந்து 1952 வரைக்கும். எலிசபெத் ராணி வந்தப்புறம் போட்ட கிரீடத்துல அந்த வளைவு நடுவுல உள்வாங்கி ரெண்டு பக்கமும் தோள் தூக்குன மாதிரி இருக்கும். விக்டோரியா காலத்துது இன்னொரு தினுசு. பர்மா 1948லயே சுதந்திரம் வாங்கிடுச்சு, அதனால இங்க ராணி கிரீடம் போட்ட பட்டனைக் காட்டி "யுத்த காலம்"னு யாராவது வித்தா எழுந்து வந்துடுங்க.

முதுகுல இருக்கிற பேரெல்லாம் பட்டன் செஞ்ச கம்பெனி. நிறைய பேரு "காண்ட்"ங்கிறது ஆபீசர் பேருனு நினைச்சிக்கிறாங்க. ஒரு விஷயம், முதுகுல ட்ரெபிள் கில்ட், எக்ஸ்ட்ரா ரிச்னு தர முத்திரை மட்டும் இருந்தா அது இன்னும் பழசு, 1800களோட முன்பாதி. அந்தக் காலத்து பட்டன் இங்க கிடைக்காமலும் இல்ல, முதல் பர்மா யுத்தம் 1824ல இருந்து 26 வரைக்கும் நடந்தப்ப வந்த ஈஸ்ட் இண்டியா கம்பெனி பட்டாளத்துல மெட்ராஸ் ரெஜிமெண்ட்தான் ஏகப்பட்டது, நம்ம ஆளுங்க. கம்பெனி பட்டன்ல சிங்கம் கிரீடத்தைக் கையில புடிச்சிட்டு நிக்கும். உங்களோடது அது இல்ல.

கொம்புக்குள்ள ரோஜா: இதுதான் என்னை நிமிந்து உக்கார வெச்சது. கிங்ஸ் ஓன் யார்க்‌ஷயர் லைட் இன்ஃபன்ட்ரி. இங்கிலாந்து காலாட்படை ரெஜிமெண்ட், கொம்பு லைட் இன்ஃபன்ட்ரிக்கு, ரோஜா யார்க்குக்கு. அவங்க ரெண்டாவது பட்டாலியன் யுத்தத்துக்கு முன்னாடி எங்க இருந்துச்சு தெரியுமா? உங்க மேமியோ கண்டோன்மென்ட்லதான்! 42 தொடக்கத்துல தெக்க அனுப்புனாங்க, பிலின்லயும் சித்தாங்லயும் சண்டை போட்டாங்க.

பாம்பு பக்கிள்: விக்டோரியா காலத்து பட்டாள பெல்ட்ல உண்டு. ஆனா அதே பாம்புக் கொக்கி பின்னாடி ஸ்கூல் பசங்க பெல்ட்லயும் கிரிக்கெட் ஆடுறவங்க பெல்ட்லயும் எல்லாம் வந்துடுச்சு. பாம்பைப் பாத்ததும் பட்டாளம்னு முடிவு பண்ண வேணாம். அது சரி, அதுல செவப்பா என்னமோ ஒட்டியிருக்கே, துருவா?

மேமியோ_பையன்:
துரு இல்லண்ணே, குங்குமம். டப்பாவுக்குப் போறதுக்கு முன்னாடி ரொம்ப வருஷம் அப்பத்தா சாமி மாடத்துல இருந்திருக்கு. நாகம்மா.

சித்தாங்_கரை:
சித்தாங்னு பேச்சு வந்ததால சொல்றேன். நாங்க மொப்பாலின் பக்கம். 42 பிப்ரவரி 23 விடியக்காலம் சித்தாங் ஆத்துப் பாலத்தை வெள்ளைக்காரனே உடைச்சப்ப பதினேழாவது இந்தியன் டிவிஷன்ல பெரும்பகுதி ஆத்துக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கிச்சு, துப்பாக்கி, பூட்ஸ், பெல்ட் எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு நீந்துனாங்க. எங்க தாத்தா காலத்துல தண்ணி வத்துனா கரையில பக்கிள் பொறுக்குறது கீரை புடுங்குற மாதிரினு சொல்லுவாங்க. அகலமான துணிப் பெல்ட்டோட பித்தளை பக்கிள், 37 பேட்டர்ன், அதாவது 1937 மாடல், முத்திரையில அம்பு, அம்புக்குக் கீழ ஐனு ஒரு எழுத்து இருந்தா இந்தியாவுல செஞ்சது. ஆனா இப்ப மெட்டல் டிடெக்டர் எடுத்துக்கிட்டு யாரும் வந்துடாதீங்க. பழைய குண்டு இன்னும் மண்ணுக்குள்ள இருக்கு, எங்க ஊர்ல பழைய இரும்புனு நினைச்சி தட்டுன ஒருத்தருக்கு கை போச்சு.

மட்டுறுத்துனர்:
மேல சொன்னதுதான் இங்க விதியும். தோண்டுறதைப் பத்தி யோசனை கேக்காதீங்க, சொல்லாதீங்க. வாங்குறது விக்கிறது வேற இடத்துல. இப்ப இருக்கிற ராணுவத்து உடுப்பு, சின்னம் எதையும் போட்டோவா கூட போடக்கூடாது, காரணம் எல்லாருக்கும் தெரியும்.

மோல்மேன்_அக்கா:
நான் பட்டன் சேக்குறவ இல்ல, தம்பி அப்பத்தா டப்பானு எழுதுனதால உள்ள வந்தேன். எங்க பக்கம் தன்பியூசயாட்ல யுத்தக் கல்லறை இருக்கு, வரிசை வரிசையா, புல்லு வெட்டி, ஒவ்வொருத்தருக்கும் பேரு, ரெஜிமெண்ட் சின்னம் எல்லாம் கல்லுல செதுக்கி. அங்கேர்ந்து சயாம் வரைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதை, 43 அக்டோபர்ல முடிச்சாங்க, அதுல மலாயாவுல இருந்து இழுத்துட்டு வந்த நம்ம தமிழ் சனம் ஆயிரம் ஆயிரமா செத்துச்சு. அவங்களுக்கு அந்த மாதிரி வரிசை இல்ல. ஒரு நாள் ஒரு வெளிநாட்டுக்காரர் ஒரு பட்டனைக் காட்டி இதை வெச்சி ஒருத்தர் குடும்பத்தையே கண்டுபுடிச்சோம்னு சந்தோஷமா சொன்னாரு. நல்ல விஷயந்தான். ஆனா எனக்கு வந்த நினைப்பு, கைலி கட்டி வந்தவனுக்கு யூனிபார்ம் ஏது, பட்டன் எங்கேர்ந்து வரும், அவனை எதை வெச்சி கண்டுபுடிப்பீங்க.

பித்தளைப்பித்தன்:
அக்கா, இதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

பர்மாபஜார்77:
சென்னையில இருந்து எழுதுறேன், எங்க குடும்பம் 64ல ரங்கூன் விட்டு வந்தது. அந்த மே மாசம் 50, 100 சியாட் நோட்டு செல்லாதுனு சொன்னப்புறம் கையில ஒண்ணுமில்லாம கப்பல் ஏறுன கூட்டம். துறைமுகத்துல சோதனை போட்டப்ப எங்க தாத்தா கோட்டுல இருந்த நாலு பித்தளை பட்டனைத் தங்கம்னு நினைச்சி கத்தியால கீறிப் பாத்தாங்களாம், அந்தக் கீறலோட ஒரு பட்டன் இன்னும் எங்க வீட்ல இருக்கு. என்ன பட்டன்னு நான் கேக்கப் போறதில்ல, கீறல்தான் எங்களுக்கு வேணும் 🙂

தம்பியோட விஷயத்துக்கு வரேன். ஐஎன்ஏ, அதான் நேதாஜி படை, அதுல கேப்டன்னா பிரிட்டிஷ் பட்டன் எப்படி? அது எதிரியோடதாச்சே?

பித்தளைப்பித்தன்:
அது முடியாததில்ல. ஐஎன்ஏக்கு உடுப்பு தைக்கிறதுக்குனு தனி மில்லா இருந்துச்சு, சிங்கப்பூர்ல வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன காக்கியும் பெல்ட்டும்தான் முக்கால்வாசி. அதனால பிரிட்டிஷ் பட்டன் இருக்கிறதால ஐஎன்ஏ இல்லனு சொல்ல முடியாது, ஐஎன்ஏனும் சொல்ல முடியாது. பட்டன் யார் குடுத்ததுனு சொல்லும், யார் போட்டதுனு சொல்லாது.

ஆனா தம்பி, ஒரு சந்தேகம் நாலு நாளா உறுத்துது, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு சோல்ஜர் ஞாபகத்துக்கு வெச்சிருந்தா ஒரு கோட்டோட செட்டு இருக்கும், முன்பக்கத்துக்கு பெருசு, பாக்கெட்டுக்கும் தோளுக்கும் சின்னது, எல்லாம் ஒரே ரெஜிமெண்ட். உங்க டப்பாவுல பொதுப் பட்டன் இருக்கு, யார்க்‌ஷயர் இருக்கு, பி.ஆர். இருக்கு. அந்த பி.ஆர். பர்மா ரயில்வேஸ்னு நினைக்கிறேன். நெட்ல தேடுனா பிரிட்டிஷ் ரயில்வேஸ்னு வரும், அது 1948ல பொறந்தது, இந்த டப்பாவுக்கு ரொம்ப லேட்டு. நட்சத்திரத்துக்குப் பின்னாடி வளைச்சி மடிக்கிற காம்பு ரெண்டு இருக்கு, அது ஜப்பான் பட்டாளத்து காலர் பட்டையில குத்துற நட்சத்திரம் மாதிரி இருக்கு. நாலு தரப்பும் ஒரே டப்பாவுல.

அப்புறம் அந்த முப்பது வளையம். யாரும் அதைப் பத்தி கேக்கல, ஆனா டப்பாவுல எனக்குப் புடிச்சது அதுதான். இந்த வெயில் நாட்டுல பட்டாளத்து காக்கி, வெள்ளை டிரில் உடுப்புல பட்டனைத் தைக்க மாட்டாங்க. துணியில ஓட்டை, அதுக்குள்ள பட்டனோட காதை நுழைச்சி உள்பக்கம் இந்த வளையத்தை மாட்டிடுவாங்க. ஏன்னா துணி வாரத்துக்கு ரெண்டு தடவை வெளுக்கப் போகும், கல்லுல அடிச்சா பட்டன் நசுங்கும், துணியும் கிழியும். அதனால வெளுக்குறதுக்கு முன்னாடி கழட்டி, இஸ்திரி போட்டப்புறம் திரும்ப மாட்டணும்.

கேக்குறேன், பூட்டனாரு கண்டோன்மென்ட்ல தையலோ சலவையோ பாத்தாரா?

வீரத்தமிழன்_மண்டலே:
என்ன பேசுறீங்க? நேதாஜிக்காக ரத்தம் சிந்துன தியாகி குடும்பத்தை வெள்ளைக்காரன் துணி தொவைச்சவன்னு சொல்றதுக்கு வெக்கமா இல்ல? நாலு பட்டனைப் பாத்துட்டு சரித்திரம் எழுதுறாங்க!

இரும்புக்கடை:
துணி தொவைக்கிறதுல என்னண்ணே வெக்கம். நீங்க அழுக்கோடயா திரியுறீங்க.

மட்டுறுத்துனர்:
ரெண்டு பேரும் நிறுத்துங்க. ஆரம்பிச்சவர் வரட்டும்.

மோல்மேன்_அக்கா:
ஒரு வாரம் ஆச்சு, தம்பியைக் காணோம். கோவமா இருக்குமோ.

மேமியோ_பையன்:
கோவம் இல்லக்கா. பித்தன் அண்ணன் எழுதுனதைப் படிச்சிட்டு ரெண்டு நாள் யாருகிட்டயும் சொல்லல, அப்பாகிட்ட சொன்னா அவரு தட்டை தள்ளி விட்டுட்டு எழுந்து போயிட்டாரு. அப்புறம் நேரா அப்பத்தாகிட்டயே போயி டப்பாவை வெச்சேன். அவங்களுக்கு 89 ஆச்சு, காது மந்தம், ஞாபகம் மட்டும் கத்தி மாதிரி. "ஆமாடா, தோபிதான், பின்ன ராசாவா?"னாங்க. அவ்ளோதான், அதுல அவங்களுக்கு ஒண்ணுமே இல்ல, எங்க அப்பா தலைமுறைக்குத்தான் என்னமோ.

அவங்க சொன்னதை அப்படியே எழுதுறேன். பூட்டனாரு பாரக்ஸுக்கு வெளுத்தாரு. துணி மூட்டை வந்ததும் பட்டன் கழட்டுறது அவங்களோட வேலை, அப்ப அஞ்சு ஆறு வயசு, விரல் சின்னதா இருக்கிறதால வளையம் ஈஸியா வருமாம். ஒவ்வொரு ஆளோட பட்டனையும் தனித்தனி கொட்டாங்கச்சியில போட்டு அதுமேல அந்த ஆளோட குறி போட்ட துணித்துண்டை வெக்கணும், ஒண்ணு மாறுனாலும் அன்னைக்குக் கூலி கட்டு. ஒரு நாள் மூட்டை வந்துச்சு, வெளுத்து காயப்போட்டு இஸ்திரியும் போட்டாச்சு, வாங்க ஆளு வரல. பட்டாளம் ராத்திரியோட ராத்திரியா தெக்க போயிடுச்சு. துணியெல்லாம் யுத்தத்துல வெட்டித் தச்சி இவங்களே கட்டிக்கிட்டாங்க. பட்டனை மட்டும் பூட்டனாரு எடுத்து வெச்சாராம், "வந்து கேப்பானுவ, கணக்கு குடுக்கணும்"னு. யாரும் வரல.

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான், அவனுக்கும் வெளுத்தாங்க, காசு இல்ல, உப்பும் அரிசியும். நட்சத்திரம் ஒரு காலர்ல ஒட்டிக்கிட்டு வந்தது, திருப்பிக் குடுக்க பயந்து போட்டு வெச்சிட்டாங்க. அதுக்கப்புறம்தான் நேதாஜி படை. மேமியோவுல ஐஎன்ஏ ஆஸ்பத்திரி இருந்துச்சாம், அதுக்கு படுக்கைத் துணியும் கட்டுத்துணியும் பூட்டனாருதான், ரத்தக்கறை போறதுக்கு முதல்ல பச்சைத் தண்ணிதான் ஊத்தணும் சுடுதண்ணி ஊத்தக்கூடாதுன்னு எனக்கு கிளாஸ் எடுத்தாங்க. கால்சட்டை போட்ட பொம்பளைங்களைப் பாத்து பயந்து ஓடுனாங்களாம், அதுல ஒருத்தங்க தமிழ்ல கூப்புட்டு வெல்லம் குடுத்தாங்களாம். ஆக அப்பா சொன்னது முழுப் பொய்யும் இல்ல, கேப்டன்தான் எங்கேர்ந்தோ வந்து ஒட்டிக்கிச்சு.

பி.ஆர். பட்டன் யாருதுனு அவங்களுக்கே தெரியல. பாம்பு ரோட்டுல கிடந்ததாம்.

பர்மாபஜார்77:
ஜான்சி ராணி படை, நேதாஜியோட பொம்பளைங்க படை! அந்தப் படைத் தலைவி கேப்டன் லட்சுமி இருந்த ஆஸ்பத்திரியா இருக்கணும், அவங்க மேமியோவுலதான இருந்தாங்க. தம்பி இதை வீடியோ எடுத்து வைங்க, இன்னைக்கே.

வீரத்தமிழன்_மண்டலே:
நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். அப்பத்தாவுக்கு என் வணக்கம் சொல்லுங்க.

பித்தளைப்பித்தன்:
தம்பி, நான் முப்பது வருஷமா பட்டன் சேக்குறேன், ரெஜிமெண்ட் வாரியா அட்டையில குத்தி வெச்சிருக்கேன். உங்க டப்பாவை மட்டும் பிரிச்சிடாதீங்க. யார்க்‌ஷயர் நாலுக்கு நல்ல விலை வரும்னு யாராவது மெசேஜ் பண்ணுவாங்க, பிரிக்காதீங்க. வளையத்தோட, குங்குமத்தோட, அந்த மூணு ரோஸ் பட்டனோட அப்படியே இருக்கட்டும். டப்பாவுல ஈரம் சேராம சிலிக்கா பாக்கெட் ஒண்ணு போடுங்க, பிளாஸ்டிக் கவர் வேணாம். அப்பத்தா சொன்னதை ஒரு தாள்ல எழுதி தேதி போட்டு உள்ளயே வைங்க.

மேமியோ_பையன்:
சரிண்ணே. இன்னொண்ணு சொல்ல விட்டுட்டேன். அன்னைக்கு நான் ஒரு பழைய காக்கி சட்டையில ஓட்டை போட்டு வளையத்தை மாட்டிப் பாத்தேன், அரை மணி நேரம், நகம் ஒடைஞ்சதுதான் மிச்சம். அப்பத்தா பாத்துட்டே இருந்துட்டு கையை நீட்டுனாங்க. கண்ணு சரியா தெரியாது அவங்களுக்கு, சன்னல் பக்கம் பாத்துக்கிட்டே கட்டைவிரலால பட்டனை அழுத்தி சுண்டுவிரல் நகத்தால வளையத்தைப் பிரிச்சி ஒரு திருப்பு, டக்குனு உக்காந்துச்சு, அடுத்தது எங்கடானு கேக்குறாங்க.